மோட்டார்ஹோமில் அணையாத ஏர்பேக் விளக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் ஓடும் மோட்டார்ஹோம்களில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகளில், பெரும்பங்கு ஃபியட் டுகாட்டோ வேனின் மேல் கட்டப்பட்டவை. இத்தாலியின் அட்டெஸ்ஸா நகரத் தொழிற்சாலையில் உருவான பெஜோ பாக்ஸரும் சித்ரோயன் ஜம்பரும் அதே உடம்பைக் கொண்டவைதாம். 2006இல் வந்து 2014இல் முகம் மாறிய தலைமுறையை மனத்தில் வைத்தே கீழே உள்ள விடைகளை எழுதியிருக்கிறேன். ஃபோர்டு டிரான்ஸிட்டோ மெர்சிடீஸ் ஸ்ப்ரிண்டரோ வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். அளவுகளையும் காத்திருப்பு நேரங்களையும் மட்டும் அவரவர் வண்டியின் கையேட்டில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எப்படி எரிந்தால் குறை என்று கொள்வது?

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அந்தச் சில நொடிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னையும் தன்னோடு இணைந்த ஒவ்வொரு சுற்றையும் சோதித்துக்கொள்கிறது. அணையாமல் நின்றால் குறை உண்டு. அணைந்து, ஓடும்போது மீண்டும் எரிந்தாலும் குறைதான். பெரும்பாலும் எங்கோ ஒரு தொடர்பு விட்டுவிட்டு அறுகிறது.

பலர் கவனிக்காத மூன்றாவது நிலை ஒன்று உண்டு. விளக்கு எரியவே எரியாமல் இருப்பது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விளக்கே செயலிழந்திருக்கலாம், அல்லது விற்பவருக்கு முன் யாரோ அதைச் செயலிழக்கச் செய்திருக்கலாம். சாவியைத் திருப்பும் கணத்தில் உங்கள் கண் அந்த விளக்கின் மேல் இருக்கட்டும்.

எரிந்துகொண்டிருக்கும்போது ஓட்டலாமா?

வண்டி ஓடும். என்ஜினுக்கும் பிரேக்குக்கும் இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் மோதல் நேர்ந்தால் ஏர்பேக்கோ, சீட் பெல்ட்டை இழுத்து இறுக்கும் பிரீடென்ஷனரோ வேலை செய்யும் என்ற உறுதி உங்களுக்கு இல்லை. சில வண்டிகளில் குறையுள்ள சுற்று மட்டும் செயலிழக்கும், சிலவற்றில் மொத்த அமைப்பும் ஒதுங்கிவிடும். அரிதாக, தேவையில்லாத நேரத்தில் ஏர்பேக் விரியக்கூடும் என்றும் வண்டிக் கையேடுகள் எச்சரிக்கின்றன.

மூன்றரை டன் எடை, பின்னால் எரிவாயு உருளை, அலமாரி நிறையப் பாத்திரங்கள், அருகில் குடும்பத்தார். இந்த நிலையில் பணிமனைக்கு ஓட்டிப் போவதை ஏற்கலாம். ஆல்ப்ஸ் மலையைக் கடந்து விடுமுறைக்குப் புறப்படுவதை என்னால் ஏற்க முடியாது.

மற்ற வண்டிகளைவிட மோட்டார்ஹோமில் இது ஏன் அடிக்கடி வருகிறது?

முதற்காரணம், சுழலும் இருக்கை. சாதாரண வேனில் ஓட்டுநர் இருக்கை முன்னும் பின்னும் நகரும்; அவ்வளவுதான். மோட்டார்ஹோமில் வண்டியை நிறுத்தியதும் முன்னிருக்கைகள் இரண்டையும் கூடத்தை நோக்கித் திருப்பிவிடுகிறோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருந்தால் அதன் வயரும், பல வண்டிகளில் சீட் பெல்ட் பூட்டில் இருந்து வரும் வயரும் இருக்கைக்கு அடியில்தான் தரையோடு இணைகின்றன. இருக்கை திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த வயர்க் கட்டு முறுகுகிறது, இழுபடுகிறது, சில நேரம் சுழல்தட்டின் இரும்பு விளிம்பில் நசுங்குகிறது. வேனை வடிவமைத்தவர்கள் நேராக நகரும் இருக்கைக்கு அளந்து விட்ட வயர் அது. சுழல்தட்டு பின்னால் வந்து சேர்ந்தது.

இரண்டாவது, நீண்ட ஓய்வு. அக்டோபரில் மூடிவைத்து ஏப்ரலில் திறக்கும் வண்டிகள் ஏராளம். அதற்குள் பேட்டரி இறங்கியிருக்கும். குளிரும் ஈரமும் கனெக்டர்களின் உலோக முனைகளில் மெல்லிய படலத்தைப் படியவைத்திருக்கும். நாள்தோறும் ஓடும் வண்டியில் வெப்பம் ஓரளவு காக்கும். நின்ற வண்டிக்கு அந்தக் காப்பு கிடையாது.

மூன்றாவது, நாமே செய்யும் மாற்றங்கள். புதிய ரேடியோ, பின்புறக் கேமரா, திருட்டு எச்சரிக்கைக் கருவி, இருக்கைக்கு அடியில் கூடுதல் பேட்டரி, காலணி வைக்கும் பெட்டி. அந்தப் பெட்டியைத் தள்ளும்போது ஏர்பேக் சுற்றின் மஞ்சள் கனெக்டர் இடிபடுவது யார் கண்ணிலும் படுவதில்லை.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பேட்டரியை. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, ஆனால் செலவில்லாத சோதனை இதுதான். மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே போனால் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் குறையாகப் பதிந்து விளக்கை ஏற்றிவிடும். வண்டி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. ஸ்டார்ட்டர் சுற்றும் கணத்தில் அது மிகவும் சரிந்தால் பேட்டரி முதுமையடைந்துவிட்டது.

இங்கே மோட்டார்ஹோமுக்கே உரிய ஒரு குழப்பம். வண்டியில் இரண்டு பேட்டரிகள் உண்டு: என்ஜினைக் கிளப்புவது ஒன்று, வீட்டு விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் இன்னொன்று. கூரையில் சூரியத்தகடு இருக்கிறதே, பேட்டரி எப்படி இறங்கும் என்று கேட்பார்கள். பல வண்டிகளில் அந்தத் தகடு வீட்டு பேட்டரிக்கு மட்டுமே மின்னூட்டும். உள்ளே இருக்கும் திரை 13 வோல்ட் காட்டினாலும் என்ஜின் பேட்டரி வாடிக்கிடக்கலாம். டுகாட்டோவில் அது முன்னறையின் இடப்பக்கத் தரையில் ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. மீட்டரை அதிலேயே வைத்துப் பாருங்கள்.

மின்னூட்டிய பிறகும் விளக்கு அணையவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பதிந்த குறைக் குறியீட்டை, அதைப் படிக்கும் கருவியான ஸ்கேனரால் அழிக்கும்வரை சில வண்டிகளில் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்.

என்னிடம் மலிவான ஸ்கேனர் இருக்கிறது. அது ஏதும் காட்டவில்லையே?

காட்டாது. மலிவான ஸ்கேனர்கள் என்ஜினின் புகைக் கட்டுப்பாட்டுக் குறியீடுகளை மட்டும் படிப்பவை. ஏர்பேக் பெட்டி தனி. அதைப் படிக்கும் திறன் உண்டா என்று கேட்டு, உங்கள் வண்டியின் பெயரும் ஆண்டும் அதன் பட்டியலில் இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஃபியட் குடும்பத்துக்கு மல்டிஈசியூஸ்கேன் என்ற கணினி மென்பொருள் நன்றாக வேலை செய்கிறது. சில பழைய மாடல்களில் அதோடு தனி இணைப்புக் கம்பியும் தேவை. அண்மை ஆண்டுகளின் வண்டிகளில் பாதுகாப்பு வாயில் ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். குறியீட்டைப் படிக்கலாம், உரிமம் இல்லாத கருவியால் அழிக்க முடியாது.

குறியீட்டைப் படிக்காமல் எந்த உறுப்பையும் கழற்றாதீர்கள், வாங்காதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை நீங்கள் பின்பற்றுவதென்றால் அது இதுவாக இருக்கட்டும். விளக்கு ஒன்றுதான், அதை ஏற்றும் காரணங்கள் பத்துக்கும் மேல். எந்தச் சுற்று என்பதைக் குறியீடு மட்டுமே சொல்லும். அழிப்பதற்கு முன் திரையைப் படமெடுத்து வையுங்கள்.

“ஓட்டுநர் பக்க ஏர்பேக், மின்தடை அதிகம்” என்று வருகிறது. ஏர்பேக் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஏர்பேக்கின் உள்ளே ஒரு தீமூட்டி இருக்கிறது. அதன் மின்தடை 2 ஓம் அளவில்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி மிகச் சிறிய மின்னோட்டத்தைச் செலுத்தி அந்த 2 ஓமை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. கனெக்டரின் ஒரு முனையில் படலம் படிந்து இன்னும் இரண்டு மூன்று ஓம் கூடினால், பெட்டியின் கணக்கில் அது பெரும் பிழை. வீட்டு விளக்கின் வயரில் அந்த அளவு கூடியிருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது. இங்கே விளக்கு எரிந்துவிடும்.

அதனால் “மின்தடை அதிகம்” அல்லது “சுற்று திறந்திருக்கிறது” என்றால் கனெக்டரையும் வயரையும் முதலில் சந்தேகியுங்கள். “பூமியோடு இணைந்திருக்கிறது” என்றால் வயரின் மேலுறை எங்கோ தேய்ந்து இரும்பைத் தொடுகிறது. சுழல்தட்டின் விளிம்பைப் பாருங்கள். “உள்கோளாறு” என்றோ “மோதல் தகவல் பதிந்துள்ளது” என்றோ வந்தால் கதை வேறு. அது பெட்டியைப் பற்றியது, பணிமனைக்குரிய வேலை. அண்மையில் வாங்கிய பழைய வண்டியில் மோதல் தகவல் இருந்தால், விற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன.

இருக்கைக்கு அடியில் கை வைப்பதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் தொடப்போவது வெடிபொருளோடு இணைந்த வயர். முன்பக்க ஏர்பேக் விரிய ஏறக்குறைய 30 மில்லிநொடிதான் ஆகும். கண் இமைப்பதற்கு அதைப் போலச் சில மடங்கு நேரம் வேண்டும். கையை இழுத்துக்கொள்ள யாராலும் முடியாது.

இருக்கையை வேலைக்கு வாகான இடத்துக்கு முதலிலேயே நகர்த்துங்கள். டுகாட்டோவில் இருக்கையைச் சுழற்ற ஹேண்ட்பிரேக்கைத் தாழ்த்த வேண்டிவரும். அதனால் சமதரையில் நிறுத்தி, கியரில் விட்டு, சக்கரத்துக்கு ஆப்பு வையுங்கள். பிறகு சாவியை எடுத்துவிட்டு என்ஜின் பேட்டரியின் எதிர்மின் (−) முனையைக் கழற்றுங்கள். மோதலில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் விரியவேண்டும் என்பதற்காகப் பெட்டிக்குள் மின்தேக்கி வைத்திருக்கிறார்கள். அது வடிய நேரம் கொடுக்க வேண்டும். கையேடு ஒரு நிமிடம் என்றாலும் நான் பத்து நிமிடத்துக்குக் குறைவாகக் காத்திருப்பதில்லை. கனெக்டரைத் தொடுமுன் வண்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்னை இறக்குங்கள்.

கனெக்டர் பிரிந்திருக்கும்போது சாவியைத் திருப்பாதீர்கள். திருப்பினால் புதிய குறியீடு ஒன்று பதியும். பழையது எது, நீங்கள் உண்டாக்கியது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

கனெக்டரை எப்படிச் சரிசெய்வது?

ஏர்பேக் சுற்றின் கனெக்டர்கள் வழக்கமாக மஞ்சள் நிறம். முதலில் பிரிக்காமல் பாருங்கள். வயர் இழுத்துக் கட்டிய கயிறுபோல் இருக்கிறதா? பூட்டு நாக்கு முழுதாக இறங்கியிருக்கிறதா? பாதி இறங்கிய கனெக்டரை அழுத்தி “டிக்” என்று பூட்டியதோடு முடிந்த வேலைகளை நான் பார்த்திருக்கிறேன்.

பிரித்தால் முனைகளைக் கைவிளக்கில் பாருங்கள். பச்சை அல்லது வெள்ளைப் பூச்சு இருந்தால் மின்தொடர்புகளுக்கான துப்புரவுத் தெளிப்பானைப் பயன்படுத்தி முழுதும் உலரவிடுங்கள். துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கும் பொதுவான எண்ணெய் வேண்டாம். உப்புத்தாளும் வேண்டாம், மேற்பூச்சு போய்விடும். உள்ளே தெரியும் சிறு உலோக வில், கனெக்டர் பிரிந்ததும் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்து நிலைமின்னில் இருந்து தீமூட்டியைக் காக்கிறது. அதை வளைத்துவிடாதீர்கள்.

முனை தளர்ந்திருந்தாலோ வயர் தேய்ந்திருந்தாலோ, அதற்கென விற்கும் பழுதுக் கட்டு கிடைக்கிறது: புது கனெக்டர், வயர்த்துண்டு, அழுத்திப் பிணைக்கும் குழல்கள். கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு வயர்களை ஈயப்பற்று வைத்து ஒட்டும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஈயம் உறைந்த இடத்தில் வயர் விறைத்துப்போகும், அந்த விறைப்பின் ஓரத்திலேயே அதிர்வில் அறும். இருக்கையை மறுபடி கழற்ற நேர்ந்தாலும் வெட்டத்தான் வேண்டும்.

கடைசியாக, மறுபடி வராமல் இருக்கச் செய்வது. இருக்கையை இரு எல்லைகளுக்கும் சுழற்றி, முன்னும் பின்னும் தள்ளி, வயர் எங்கும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, கனெக்டரைச் சட்டத்தோடு பிளாஸ்டிக் பட்டையால் கட்டுங்கள். கனெக்டர் அசையக்கூடாது, வயர் மட்டும் வளைய வேண்டும். இந்தக் கால் மணி நேரத்தைச் செலவிடாதவர்கள் அடுத்த கோடையிலும் இதே விளக்கைப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் மீண்டும் பொருத்தி, ஏர்பேக்கின் முன் யாரும் உட்காராமல், பேட்டரியை இணைத்து, சாவியைத் திருப்பி, குறியீட்டை அழியுங்கள்.

மல்டிமீட்டரால் ஏர்பேக்கின் மின்தடையை அளக்கலாமா?

கூடாது. தீமூட்டியை எரியவைக்க ஓர் ஆம்பியரைச் சற்றே தாண்டிய மின்னோட்டம், ஓரிரு மில்லிநொடி போதும். மீட்டரும் அளப்பதற்கு மின்னோட்டத்தைச் செலுத்தியே அளக்கிறது. நல்ல மீட்டரில் அது மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் தவறான அளவுகோலில் திருகிய, அல்லது பழுதான மீட்டரை நம்பி முகத்துக்கு நேரே வெடிபொருளைச் சோதிப்பது என்ன நியாயம்? ஏர்பேக் பெட்டியைப் படிக்கும் பல ஸ்கேனர்கள் ஒவ்வொரு சுற்றின் மின்தடையையும் ஓம் கணக்கில் நேரடியாகக் காட்டும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கையை மெதுவாகச் சுழற்றுங்கள். எண் துள்ளும் இடத்தில்தான் குறை.

ஏர்பேக்குக்குப் பதில் 2 ஓம் மின்தடையைச் செருகினால் விளக்கு அணைகிறதாமே?

அணையும். கட்டுப்பாட்டுப் பெட்டி ஏமாந்துபோகும். அதன்பின் அந்த இருக்கையில் உட்காரும் ஒவ்வொருவரும், அடுத்து வண்டியை வாங்குபவரும் ஏமாந்துபோவார்கள், ஏர்பேக் இருக்கிறது என்று நம்பி. பயிற்சி பெற்ற மெக்கானிக் குறை வயரிலா ஏர்பேக்கிலா என்று பிரித்தறிய இப்படிப்பட்ட மாற்றுத் தடையைச் சில நிமிடம் பொருத்திப் பார்ப்பார்; அது சோதனை முறை. அதை வண்டியில் விட்டுப்போவது உயிரோடு விளையாடுவது. காசு இல்லை என்றால் விளக்கு எரியட்டும். எரியும் விளக்கு குறைந்தபட்சம் உண்மையைச் சொல்கிறது.

ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் விளக்கு வருகிறது. இதுவும் இருக்கைதானா?

இல்லை, இது கிளாக் ஸ்பிரிங்காக இருக்கும். ஸ்டீயரிங் சக்கரம் சுற்றும்போதும் அதன் நடுவில் உள்ள ஏர்பேக்குக்குத் தொடர்பு அறாமல் இருக்க, கடிகார வில்போல் சுருண்ட தட்டை வயர் ஒன்று உள்ளே இருக்கிறது. அது முறிந்தால் ஹாரனும் சக்கரத்தில் உள்ள பொத்தான்களும் சேர்ந்தே அடம்பிடிப்பது வழக்கம். அந்த அடையாளம் மிக நம்பகமானது. மாற்றும்போது முன்சக்கரங்கள் நேராகவும் புதிய வில் சரியாக நடுவிலும் இருக்க வேண்டும். தவறினால் முதல் முழுத் திருப்பத்திலேயே அறுந்துவிடும். ஏர்பேக்கையே கழற்ற வேண்டிய வேலை என்பதால் இதைப் பணிமனையிடம் விடுங்கள்.

இருக்கைக்கு உறை போட்டேன். அதனால் விளக்கு வருமா?

உறையால் விளக்கு வராது; உறை மாட்டும்போது அடியில் கை விட்டு இழுத்ததால் வரலாம். அதைவிட முக்கியம், பக்கவாட்டு ஏர்பேக் இருக்கும் இருக்கைக்கு அதற்கென்று பிரியும் தையல் உள்ள உறையே வேண்டும். சாதாரண உறை ஏர்பேக்கை வெளியே வரவிடாது.

மஞ்சளாக இன்னொரு ஏர்பேக் விளக்கும் எரிகிறதே?

அது பயணி பக்க ஏர்பேக்கை அணைத்து வைத்திருப்பதைச் சொல்லும் விளக்காக இருக்கலாம். முன்னிருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கை வைத்தால் அந்த ஏர்பேக்கை அணைத்தே ஆக வேண்டும். டுகாட்டோவில் அதை டாஷ்போர்டு மெனுவில் செய்வார்கள். குழந்தை இறங்கிய பிறகு திரும்ப இயக்க மறந்திருப்பீர்கள். இது குறை இல்லை, ஆனால் பெரியவர் உட்காருவதற்கு முன் மாற்றுங்கள்.

பின்னச்சில் ஏர்பேக் போட்டிருக்கிறேன். அதுவும் இந்த விளக்கும் ஒன்றா?

சம்பந்தம் இல்லை. பாரம் தாங்கப் பின் ஸ்பிரிங்கோடு பொருத்தும் காற்றுப்பைகளையும் மோட்டார்ஹோம்காரர்கள் ஏர்பேக் என்றே அழைக்கிறார்கள். அவற்றுக்குத் தனிக் காற்றழுத்தமானி உண்டு. பணிமனைக்குத் தொலைபேசியில் சொல்லும்போது எது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

காலமுறை வாகனச் சோதனையில் தேறுமா?

பிரிட்டனின் எம்ஓடி சோதனையில் இந்த விளக்கு குறையைக் காட்டினால் அது பெருங்குறை, வண்டி தேறாது. ஜெர்மனியின் முதன்மைச் சோதனையிலும் அப்படியே. சோதனைத் தேதிக்கு முந்தைய வாரம் குறியீட்டை அழித்துவிட்டுப் போவது பலிக்காது; குறை நீங்காவிட்டால் அடுத்த தன்சோதனையில் விளக்கு திரும்பிவிடும்.

பழைய உறுப்பை இணையத்தில் வாங்கலாமா?

வயர், கனெக்டர் வாங்கலாம். ஏர்பேக், பிரீடென்ஷனர் வேண்டாம். அவை எப்படிச் சேமிக்கப்பட்டன, ஈரம் பட்டனவா, மோதிய வண்டியில் இருந்து வந்தனவா என்பதை வெளியில் இருந்து பார்த்து அறிய முடியாது. சர்வதேசப் போக்குவரத்தில் இவை ஆபத்தான சரக்கு, ஐநா எண் 3268. சாதாரணப் பொட்டலமாக அனுப்பக் கூடாதவை. அப்படி அனுப்புகிறேன் என்று சொல்பவரிடம் வாங்காதிருக்க அதுவே போதிய காரணம்.

கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்ற வேண்டும் என்கிறது பணிமனை. நம்பலாமா?

ஒரு பணிமனையில் என்னிடமும் இதையே சொன்னார்கள். குறியீடு என்ன என்று திருப்பிக் கேட்டபோது, இன்னும் படிக்கவில்லை என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு வேறிடம் போனேன். இருக்கைக்கு அடியில் வயர் ஒன்று சுழல்தட்டில் நசுங்கியிருந்தது. பெட்டியும் கெடும், குறிப்பாகத் தண்ணீர் புகுந்தால். ஆனால் அந்த முடிவுக்கு வருமுன் குறியீட்டின் சொற்கள், பேட்டரி மின்னழுத்தம், அந்தச் சுற்றின் ஓம் அளவு இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார், மகிழ்வார். இருக்கை சுழல்வது என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். கார்களையே பார்க்கும் பணிமனைக்கு அது தோன்றாமல் போகலாம்.

விளக்கு சரியாக அணைகிறது. அப்படியானால் ஏர்பேக் நலம் என்று இருக்கலாமா?

மின்சுற்று நலம் என்றுதான் பொருள். தகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக்குகளை உலகெங்கும் திரும்பப் பெற்றதற்குக் காரணம் மின்சுற்று இல்லை. ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுச் சிதைந்த அம்மோனியம் நைட்ரேட் எரிபொருள் அளவுக்கு மீறி வெடித்து உலோகத் துண்டுகளைச் சிதறடித்தது. அந்த ஏர்பேக்குகள் எந்த விளக்கையும் ஏற்றவில்லை. அமெரிக்காவில் அந்தப் பட்டியலில் மோட்டார்ஹோம்களுக்கு அடித்தளமான மெர்சிடீஸ் ஸ்ப்ரிண்டரும் இருந்தது. இதை அறிய ஸ்கேனர் உதவாது. முன்கண்ணாடியின் கீழ் மூலையில் தெரியும் 17 இலக்க அடையாள எண்ணை வேன் தயாரித்த நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். வீட்டுப் பகுதியைக் கட்டிய நிறுவனத்திடமும் தனியாகக் கேளுங்கள். அறிவிப்புக் கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கக்கூடும்.